சேக்காட்டு ஏரியின் குழிகள்

23 ஜனவரி 1939, திங்கள்

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இனிமேல் எழுதி வைக்கப்போகிறேன். யாருக்கும் காட்டுவதற்கல்ல. எனக்கு.

இன்று காலை பூங்காவனத்திடம் இதைச் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க வாய மூடிகினு இருந்தது எந்த வருசம்? எனக்குத் தெரியாம பூட்சே!"

கட்டிய மனைவிக்கே தெரியவில்லை. நான் பேசியது பத்தில் ஒரு பங்கு. மீதியெல்லாம் நெஞ்சுக்குள் கிடக்கிறது.

முதலில் சர்வே ஆபீஸ். பி.ஏ. முடித்த கையோடு டிராப்ட்ஸ்மனாகச் சேர்ந்தேன். அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், பூந்தமல்லி — இந்த மேற்குப் பக்கத்தில் ஒவ்வொரு ஏரிக்கரையின் வளைவையும் வெயிலில் நின்று அளந்தவன் நான், வரைந்தவனும் நான். படம் அச்சாகி வந்தபோது ஓரத்தில் இருந்தது வேறொருவர் பெயர். கேட்டேன். "அதுதான் வழக்கம்" என்றார்கள். ஒவ்வொரு படத்துக்கும் கேட்டேன். ஒவ்வொரு முறையும் அதே பதில். கடைசியில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதில் மட்டும் என் கையெழுத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்தது தம்பி தசரதன். அப்பா போனபோது நான் கடப்பைப் பக்கம் சர்வே முகாமில் இருந்தேன். தந்தி கிடைத்து, ரயில் பிடித்து, அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கியபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. மூத்தவன் நான். கொள்ளி வைத்தவன் அவன். ஒரு ராத்திரி காத்திருக்க முடியவில்லை அவனுக்கு. அவன் இப்போது சேக்காட்டில் பயிரிடுகிறான். ஆறு வருஷமாகப் பேச்சில்லை.

நாற்பத்திரண்டு வயதில் இந்தப் பறக்கும் பைத்தியம் எதற்கு என்று ஊரில் கேட்கிறார்கள். ஐயப்பன்தாங்கல் பொட்டலில் ஒரு ஜமீன்தார் விமானக் கிளப் தொடங்கியிருக்கிறார். பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது, அவர்கள் வரவில்லை. எங்களைப் போன்றவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். என் பங்கு நிலத்தை விற்றுச் சேர்ந்தேன். எதற்கு? நான் வரைந்ததை ஒரு தடவையாவது மேலிருந்து பார்க்க வேண்டும். இதைவிட நல்ல காரணம் எனக்கும் தெரியவில்லை.

4 பிப்ரவரி, சனி

தனியாகப் பறந்தேன். முன் இருக்கையில் பயிற்சி தரும் வெள்ளைக்காரர் கேப்டன் பெல் இல்லாமல் விமானம் லேசாக, துள்ளலாக எழுந்தது.

செம்பரம்பாக்கம் கடல் மாதிரி கிடந்தது. வடக்கே திரும்பினால் ஆவடி ஏரி, அதற்கு மேற்கே சேக்காட்டின் சின்ன ஏரி, அரிவாளை மல்லாத்தி வைத்தது போன்ற கரை. அந்தக் கரையை வரைய மூன்று முறை முயன்றது நினைவிருக்கிறது. சரியாகத்தான் வரைந்திருக்கிறேன். காற்றில் கண் கலங்கியது. பறக்கும் கண்ணாடியின் ரப்பர் தளர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

இறங்கியதும் அன்வர் பாஷா ஓடி வந்தான். பூந்தமல்லியில் தோல் மண்டி வைத்திருக்கும் சாதுல்லா சாயபுவின் ஒரே மகன். இருபத்துமூன்று வயது. எனக்கு ஒரு மாதம் கழித்துச் சேர்ந்தவன், எனக்கு முன்னால் தனியாகப் பறந்துவிட்டான். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

"இன்னா மேப்பு அண்ணாத்தே, ஏரியெல்லாம் வெச்ச எடத்துலயே கீதா? எவனும் நவுத்திடலியே?"

"எல்லாம் இருக்கிறது."

"அப்ப சர்க்கார் உங்களுக்கு ஒரு கும்பிடு போடணும். நான் போட்டுக்கறேன், இந்தாங்க" என்று தலைக்கு மேல் கை குவித்தான். பெட்ரோல் ஊற்றும் ஆட்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

12 மார்ச், ஞாயிறு

எஞ்சின் வானத்தில் நின்றுபோனால் எங்கே இறங்குவது? இன்றைய பாடம் அது. பெல் முன்னால், நான் பின்னால். சேக்காட்டுக்கு மேல் வந்ததும் அவர் எஞ்சின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கீழே கை காட்டினார். சின்ன ஏரி வற்றிவிட்டிருந்தது. வழவழவென்று, வெடிப்பு விட்ட களிமண் தரை. சுற்றி வந்து இறக்கினேன். சக்கரம் தொட்ட இடத்தில் புழுதி பறந்தது. குலுங்கவே இல்லை.

"மேஜைப் பலகை மாதிரி! மேற்கே எங்கே எஞ்சின் நின்றாலும் இதை நினைவில் வைத்துக்கொள், ராம்" என்றார். ஜானகிராமன் என்று முழுதாகச் சொல்ல அவர் நாக்கு வளையாது. முதல் நாளிலிருந்து நான் ராம்தான்.

ஊர் முழுக்கக் கரை மேல் வந்து நின்றது. கூட்டத்தில் தசரதனும் இருந்தான். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் இறங்கி வரவில்லை. நானும் இறங்கவில்லை. திரும்ப எழும்பிப் போய்விட்டோம்.

எனக்குப் பிறகு அன்வரையும் அங்கே கூட்டிப்போய் இறக்கினார்.

25 மார்ச், சனி

பரீட்சை. வெளியிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். இரண்டு அடையாளங்களைச் சுற்றி எட்டுப் போட வேண்டும். பிறகு உயரே போய் எஞ்சினை அடக்கி, தரையில் விரித்த வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் இறங்கி நிற்க வேண்டும். அன்வரின் சக்கரம் துணியை மிதித்துக்கொண்டு நின்றது. என்னுடையது கொஞ்சம் தள்ளி.

இருவரும் தேறினோம்.

17 ஏப்ரல், திங்கள்

டில்லியிலிருந்து லைசென்ஸ் வந்துவிட்டது. சின்னப் புத்தகம். உள்ளே என் போட்டோ. எதிர்ப் பக்கத்தில் என் பெயர். தகப்பன் பெயர், ஊர், என் முழுப் பெயர், ஒரு எழுத்து விடாமல். எத்தனை முறை படித்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

பூங்காவனம் வாங்கிப் பார்த்தாள். "இதுக்கா நெலத்த வித்தீங்க? போட்டாவுல தலகூட சீவாம கீறீங்களே."

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் சாமி படத்தடியில் கிடக்கிறது, அட்டையில் ஒரு குங்குமப் பொட்டு. சர்க்கார் காகிதம், கறை படக்கூடாது என்று கத்தினேன்.

"சாமி குடுத்ததுன்னு வெச்சேன். சர்க்கார் குடுத்ததுன்னா அழிச்சிக்கோங்க" என்று போய்விட்டாள். துடைத்துப் பார்த்தேன். போகவில்லை.

22 ஏப்ரல், சனி

ஜமீன்தார் தேநீர் விருந்து கொடுத்தார். எங்களுக்கு வந்திருப்பது ஏ லைசென்ஸ். நம் ஆசைக்குப் பறக்கலாம், கூலிக்குப் பறக்கக் கூடாது. தபால் விமானமோ பயணிகள் விமானமோ ஓட்ட பி லைசென்ஸ் வேண்டும். அதற்கு இன்னும் எத்தனையோ மணி நேரம் பறக்க வேண்டும், எங்களால் ஆகாது. ஒருவருக்கு மட்டும் தன் செலவில் அந்தப் பயிற்சி கொடுப்பதாக ஜமீன்தார் அறிவித்தார். ஆளைத் தேர்ந்தெடுப்பவர் பெல்.

ஒருவருக்கு மட்டும். எல்லோரும் அன்வரைப் பார்த்தார்கள்.

வெளியே வந்ததும் அவனைக் கேட்டேன்: "ஏற்கெனவே பேசி முடித்தாகிவிட்டதா?"

"இன்னா அண்ணாத்தே இப்டி கேட்டுட்டீங்க? எனக்கு இன்னா தெரியும்?"

"உன் அத்தா பெல் துரைக்குச் செருப்பு தைத்துக் கொடுத்தாராமே, நல்ல தோலில்."

சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே நின்றது. "அது அவரு காசு குடுத்து வாங்கினது" என்று மட்டும் சொன்னான்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வானகரம் வரையில் நான் பேசியது சரிதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். இனி அவனோடு பேச்சு வேண்டாம்.

1 மே, திங்கள்

சாயங்காலம் பறந்தேன். சேக்காட்டு ஏரி அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி இருந்தது. சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு குழிக்குள்ளும் நிழல். மறந்தே போயிருந்தேன் — சித்திரை பிறந்ததும் வண்டல் எடுக்கத் தொடங்கிவிடுவார்களே. வற்றிய ஏரியில் மண்ணை வெட்டி, வண்டி வண்டியாக வயலுக்கு அடிப்பார்கள். எங்கள் வீட்டிலும் வருஷா வருஷம் நடந்ததுதான். அவரவருக்கு வாகான இடத்தில் வெட்டுவார்கள், முழங்கால் ஆழம், இடுப்பு ஆழம். மத்தியானம் பறந்தால் ஒன்றும் தெரியாது. நிழல் இருக்காது, குழியும் தரையும் ஒரே நிறம்.

இறங்கியவுடன் பெல்லிடம் போனேன். சேக்காட்டு ஏரியில் இனி யாரையும் இறங்கச் சொல்லாதீர்கள், மண் வெட்டுகிறார்கள் என்றேன்.

அவர் பைப்பைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "போன வாரம் கொட்டகைக் கதவு. அதற்கு முன் பெட்ரோல் அளவு. அதற்கு முன் என் பேரேட்டில் உன் பெயரின் எழுத்து. இந்த வாரம் ஏரி. அடுத்த வாரம் என்ன, ராம்?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் இன்னொரு முறை சொல்லவில்லை. சொல்லியாகிவிட்டது, இனி அவர் பொறுப்பு.

அன்வர் தூரத்தில் கொட்டகை ஓரமாக நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வந்தான். நான் நிற்கவில்லை.

10 மே, புதன்

அன்வர் செத்துப்போனான். சேக்காட்டு ஏரியில்.

12 மே, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

புதன்கிழமை நான் வீட்டில் இருந்தேன். உச்சிவேளை. ஒரு ஆள் சைக்கிளில் வந்து, ஏரியில் ஏரோப்ளேன் குப்புற விழுந்து கிடக்கிறது என்றான். போனேன். எப்படிப் போனேன் என்று நினைவில்லை.

வால் மேலே, மூக்கு மண்ணில். இடது சக்கரம் ஒரு குழிக்குள். மற்றபடி இறக்கை இரண்டும் முழுசாகவே இருந்தன. துணியில் ஒரு கிழிசல் இல்லை. அவனைக் கரையில் வேப்பமரத்தடியில் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் காயமில்லை. கழுத்துதான். பறக்கும்போது போடும் கண்ணாடி நெற்றியில் ஏறி இருந்தது. தூங்கப் போகிறவன் கழற்றி வைத்தது மாதிரி.

பெல் மண்ணில் உட்கார்ந்திருந்தார். தொப்பி இல்லை. என்னைப் பார்த்ததும், "நான்தான் அனுப்பினேன், ராம். மார்ச்சில் இறங்கிய இடத்தில் இறங்கிவிட்டு வா என்றேன். நீ சொன்னது..." என்றார். அதற்குள் கிளப் செக்ரெட்டரி அய்யாசாமியின் கார் கரை மேல் வந்து நின்றது. பெல் எழுந்து கால்சட்டைப் புழுதியைத் தட்டிக்கொண்டார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

கொஞ்சம் தள்ளி தசரதன் நின்றான். கையில் மண்வெட்டி. அதைக் கீழே போடக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு.

நான் அன்வரிடம் நேரில் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. ஏரியில் இறங்காதேடா, குழி இருக்கிறது. பேச்சை நிறுத்தியவன் எப்படிச் சொல்வது? துரையிடம் சொல்லியாகிவிட்டதே என்று இருந்தேன். கடைத்தெருவில் வளர்ந்த பையன், வண்டலைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? மண்டியும் பள்ளிவாசலும் தெரியும். ஏரி என்றால் அவனுக்கு மேலிருந்து பார்க்கிற ஏரிதான்.

பூங்காவனம் சாப்பிடக் கூப்பிடுகிறாள். இன்னாத்துக்கு இந்தச் சோறு.

23 மே, செவ்வாய்

நேற்று அய்யாசாமி வீட்டுக்கே வந்தார். இதற்கு முன் அவர் என் வீட்டுப் படி ஏறியதில்லை. காப்பி குடித்தார். பூங்காவனத்தின் கைமணத்தைப் புகழ்ந்தார். பிறகு சொன்னார்: "பி லைசென்ஸ் இடம் இனி உங்களுக்குத்தான், சார். பெல் துரையே சொல்லிட்டார். நாளைக்கு விசாரணை. கிளப்புக்கு ஒரு கெட்ட பேர் வராம பாத்துக்கணும். கிளப் இருந்தாத்தானே நீங்களும் பறக்க முடியும்?"

மிரட்டவில்லை. கெஞ்சவுமில்லை. வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னார்.

இன்று விசாரணை. டில்லியிலிருந்து வந்த அதிகாரி நல்ல மனிதராகவே தெரிந்தார். பெல் சொன்னது: யாரையும் அந்த ஏரியில் இறங்கச் சொன்னதில்லை, அங்கே குழி இருப்பதும் தெரியாது, பையன் வேடிக்கைக்காகத் தாழப் பறந்திருக்க வேண்டும். சொல்லும்போது என் பக்கம் பார்க்கவில்லை.

அதிகாரி என்னைக் கேட்டார்: "நீங்கள் அவனோடு பயின்றவர். சொல்ல வேண்டியது ஏதாவது உண்டா?"

கொட்டகைக் கதவைப் பற்றிச் சொன்னவன். பெட்ரோல் அளவைப் பற்றிச் சொன்னவன். சர்வே ஆபீஸில் வருஷக்கணக்காகச் சொன்னவன்.

"இல்லை" என்றேன்.

7 ஜூன், புதன்

முடிவு பேப்பரில் வந்துவிட்டது. நாலு வரி. விமானியின் விளையாட்டுத்தனமே காரணம்.

11 ஜூன், ஞாயிறு

பூந்தமல்லிக்குப் போனேன். துக்கம் கேட்காமல் இருந்தால் நன்றாயிருக்காது என்று பூங்காவனம் பிடித்துத் தள்ளினாள்.

மண்டிக்குப் பின்னால் வீடு. பதனிட்ட தோல் வாசனை தெருவெல்லாம். சாதுல்லா சாயபு எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, தான் பாயில் உட்கார்ந்தார். எதிரில் அந்த நாலு வரி வந்த பேப்பர் மடித்துக் கிடந்தது.

"படிக்கத் தெரிஞ்சவங்க எல்லாரும் வந்து படிச்சிக் காட்டிட்டுப் போறாங்க, சார். ஒருத்தர்கூட மாத்திப் படிக்க மாட்டேங்கிறாங்க. என் புள்ள வெளையாட்டுப் புத்தியால செத்தான்னு எழுதிக்கீது. வெளையாட்டுப் புள்ளதான். ஆனா மெஷின்ல கைய வெச்சிட்டான்னா வெளையாட மாட்டான். உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

உள்ளே கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல். அவன் தாய் ராபியா. "மேப்பு அண்ணாத்தேயா வந்துகீறாரு? கேளுங்க, அவர் கோவம் தீர்ந்துச்சான்னு. கடைசி வாரம் பூரா அதே பேச்சு. அண்ணாத்தே எங்கூட பேசமாட்டேங்கிறாரு, எனக்கு அந்த பி லைசென்ஸ் வேணாம்னு சொல்லிட்டா பேசுவாரா அம்மான்னு கேட்டான். நான்தான், வேணாம்னு சொல்லாதடா, அவரே பேசுவாருன்னேன்."

சர்பத் கொண்டுவந்து வைத்தார்கள். குடித்தேன்.

திரும்பும் வழியில் திருவேற்காடு சாலையில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

14 ஜூலை, வெள்ளி

டாக்டர் பரிசோதனையில் தேறிவிட்டேன். கண் நன்றாக இருக்கிறதாம். செப்டம்பர் முதல் பி லைசென்ஸ் பயிற்சி.

நாற்பத்திரண்டு வருஷத்தில் நான் ஆசைப்பட்ட ஒன்று முழுதாக என் கைக்கு வந்திருக்கிறது. அது அவன் கையிலிருந்து விழுந்தது.

பெல் இப்போது என்னை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். மிஸ்டர் ஜானகிராமன். பழகியிருக்கிறார் போல. ஒவ்வொரு எழுத்தும் சரியாக வருகிறது.

30 ஜூலை, ஞாயிறு

பூங்காவனம் சொன்னாள்: "நீங்க மொணமொணக்காம கீறது எனக்கு பயமா கீது. யாரையாவது திட்டுங்க. என்னியாவது திட்டுங்க."

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெல்லிடம் நான் சொன்னதை, அன்வரிடம் சொல்லாததை, விசாரணையில் சொன்ன அந்த ஒரு வார்த்தையை. முறத்தில் இருந்த அரிசியைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"அந்தம்மா கதவாண்ட நின்னுகினு கேட்டுதுன்னீங்களே, கோவம் தீர்ந்துச்சான்னு. அதுக்கு இன்னா சொன்னீங்க?"

"ஒன்றும் சொல்லவில்லை."

"அங்கயுமா?" என்றாள். அவ்வளவுதான்.

6 ஆகஸ்ட், ஞாயிறு

சேக்காட்டுக்குப் போனேன். பழைய அளவுச் சங்கிலியை எடுத்துக்கொண்டேன். ராத்திரி ஒரு மழை பெய்திருந்தது. இன்னும் நாலு மழை பெய்தால் குழியெல்லாம் கரைந்து மூடிக்கொள்ளும். அதற்குள் வரைந்துவிட வேண்டும்.

சங்கிலியின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். யாரையாவது கூப்பிடலாம் என்று பார்த்தால் தசரதன் கரையிலிருந்து இறங்கி வந்தான். ஒன்றும் கேட்காமல் முனையைப் பிடித்துக்கொண்டு போய் நின்றான். ஒரு மணி நேரம் வேலையைத் தவிர வேறு பேச்சில்லை. "இழு." "நில்லு." "அங்கேயே."

சக்கரம் இறங்கிய குழிக்கு வந்தோம். அவன் சங்கிலியைக் கீழே வைத்துவிட்டான்.

"அண்ணா, இது நான் வெட்டுனது."

நான் குனிந்து குழியைப் பார்த்தேன்.

"மாசில நீ வந்து எறங்கினப்ப பாத்தேன். நம்ம அண்ணன் ஆகாசத்துல இருந்து வந்து எறங்குதேன்னு ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிகினேன். மறுபடி ப்ளேன் வரும்னு தெரிஞ்சிருந்தா வெட்டுவேனா? எல்லாரும் வெட்னாங்க, நானும் வெட்னேன். அந்தப் புள்ள எறங்கறப்போ நான் அந்தாண்ட நின்னுகினு கைய கைய ஆட்டினேன். வா வான்னு கூப்புடறேன்னு நெனச்சிச்சோ இன்னாவோ, அதுவும் கையாட்டிச்சு."

அவன் தோள் குலுங்கியது. நான் தொடவில்லை. தொட்டிருக்க வேண்டும்.

"உன் மேல் தப்பில்லை. வருஷா வருஷம் வெட்டுவதுதானே" என்றேன்.

பிறகு அவனே சொன்னான்: "அப்பாவ ராத்திரி வெச்சிருக்க முடியல அண்ணா. ஒடம்பு தாங்கல. நீ வர்றவரைக்கும் பாப்போம்னுதான் சொன்னேன். பெரியவங்க ஒத்துக்கல. நான் ஆசப்பட்டா அந்தச் சட்டியத் தூக்கினேன்?"

ஆறு வருஷமாக இதைச் சொல்ல அவன் வந்திருக்கலாம். நான் கேட்டிருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை.

படத்தை என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டான். டில்லிக்கு அனுப்பப்போகிறேன் என்றேன். மார்ச்சில் துரை இங்கே இறங்கினதை ஊரே பார்த்தது, யார் வந்து கேட்டாலும் ஊர் சொல்லும் என்றான். பிறகு தயங்கினான்.

"உன் பேரப் பாத்தா அப்பா பேரும் கூட வருமில்ல? அந்தப் பேரப் புடிச்சிகினு என் ஊட்டுக்கும் வருவாங்க. எந்தக் குழி யாருதுன்னு கேப்பாங்க. வரட்டும், நான் சொல்லிடறேன். சும்மா சொன்னேன்."

சும்மா சொல்லவில்லை அவன். வீட்டில் நாலு குழந்தைகள்.

13 ஆகஸ்ட், ஞாயிறு

படம் முடிந்தது. சர்வே ஆபீஸை விட்டபின் முதல் படம். கை மறக்கவில்லை. கரையின் அரிவாள் வளைவு ஒரே முறையில் வந்தது. ஒவ்வொரு குழியும், அதன் ஆழம், மார்ச்சில் நாங்கள் இறங்கிய தடம், மே மாதம் அவன் இறங்கிய தடம். எந்தக் குழி யாருடையது என்று எழுதவில்லை.

கூடவே ஒரு பக்கம் எழுதினேன். மார்ச்சில் இன்ஸ்ட்ரக்டரே மாணவர்களை இங்கே இறக்கிப் பழக்கினார். சித்திரைக்குப் பின் வண்டல் எடுப்பது இந்த ஊர்களின் வழக்கம். உச்சி வெயிலில் குழிகள் மேலிருந்து தெரியாது. இன்னொரு மாணவனுக்கு இது தெரியும், அவன் இன்ஸ்ட்ரக்டரிடம் சொன்னான், அன்வர் பாஷாவிடம் சொல்லவில்லை, விசாரணையிலும் சொல்லவில்லை. அன்வர் பாஷா விளையாடவில்லை. சொன்னபடி செய்தான், சரியாகவே இறங்கினான். ஊரைக் கேளுங்கள்.

19 ஆகஸ்ட், சனி

ஜமீன்தாருக்கு இரண்டு வரி எழுதினேன். பி லைசென்ஸ் பயிற்சிக்கு நான் வரவில்லை, கிளப்பிலிருந்தும் விலகிக்கொள்கிறேன். கீழே முழுப் பெயரும் போட்டுக் கையெழுத்திட்டேன்.

டில்லிக்குப் போக வேண்டிய உறையும், சாதுல்லா சாயபுவுக்குப் போக வேண்டிய நகலும் மேஜை மேல் இருந்தன. பூங்காவனம் சோற்றுப் பசை கொண்டுவந்தாள். ஒட்டுவதற்கு முன் படத்தை விரித்துப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் படத்தில் பெயர் எந்த மூலையில் வரும் என்று தெரியும். வாழ்நாளெல்லாம் அதைப் பற்றித்தானே கேட்டிருக்கிறாள்.

"இங்க ஒண்ணும் காணோமே. பேரு போடலியா?"

"இல்லை."

"மொட்டப் பெட்டிசனா? நீங்களா?"

சொன்னேன். பெயர் போட்டால் டில்லிக்காரர்கள் முதலில் பெல்லைத்தான் கேட்பார்கள். அவர் சொல்வார்: அந்த ஆளா? எதற்கெடுத்தாலும் குறை சொல்கிறவன். செத்தவனோடு போட்டியில் இருந்தவன். கோபித்துக்கொண்டு கிளப்பை விட்டுப் போனவன். அத்தனையும் உண்மை. அதோடு காகிதத்தை மூடிவிடுவார்கள். அன்வர் விளையாட்டுப் பிள்ளையாகவே இருந்துவிடுவான். பெயரில்லாத காகிதத்தை யாரும் நம்ப வேண்டியதில்லை; ஏரிக்குப் போய்ப் பார்த்தால் போதும், ஊரைக் கேட்டால் போதும். தசரதன் வீட்டுக்கும் எவனும் வரமாட்டான்.

பயமும் கொஞ்சம் இருக்கிறது. அந்தத் தாய் என் கையெழுத்தைப் பார்க்க வேண்டாம் என்றும் இருக்கிறது. எது எவ்வளவு என்று என்னால் அளக்க முடியவில்லை.

அவள் பசையை விரலால் தடவி ஒட்டினாள். இரண்டு உறையையும் கையால் அழுத்தித் தேய்த்தாள். விரலில் ஒட்டியிருந்த குங்குமம் ஒரு உறையின் ஓரத்தில் லேசாகப் பட்டுவிட்டது. பூந்தமல்லி உறை அது. இந்த முறை நான் கத்தவில்லை.

காலை ஏழு மணி வண்டிக்கு முன் ஸ்டேஷன் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன்.

படத்தின் வலது மூலையில் வரைந்தவன் பெயருக்கான கட்டம் காலியாக இருக்கிறது. இத்தனை வருஷம் அதில் என் பெயரை எழுதாமல் விட்டவர்கள் மற்றவர்கள். இன்று விட்டவன் நான்.